வரியை விடவும் காப்பீடே பெருஞ்சுமை: ஜெர்மனியில் மிகச்சிறு சுயதொழில் புரிவோரின் நிலை

ஜெர்மனியில் சொந்தமாகச் சிறு தொழில் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது வருமான வரியைக் கண்டுதான். ஆனால் மாதம் சில நூறு யூரோக்களை மட்டுமே ஈட்டும் ஒருவரிடமிருந்து அந்நாட்டின் வரி அலுவலகம் பெரும்பாலும் ஒரு சென்ட் கூடக் கேட்பதில்லை. அவரது சிறிய வருவாயில் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்ளக் கூடியது மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம். சில தொழில்களில் அதனுடன் ஓய்வூதியக் காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த வேறுபாட்டை அறியாமல் தொழில் தொடங்குபவர்கள் ஓரிரு ஆண்டுகள் கழித்து எதிர்பாராத கடன் சுமையைச் சந்திக்க நேர்கிறது. ஹெஸ்ஸென் மாநிலத்தின் தென்பகுதியில், பிராங்க்பர்ட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள டார்ம்ஸ்டாட் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டால், இந்த விதிகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள முடியும்.

டார்ம்ஸ்டாட் அறிவியல் நகரம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஐரோப்பிய விண்வெளி முகமையின் விண்கலக் கட்டுப்பாட்டு மையம், 1668 ஆம் ஆண்டில் ஒரு மருந்துக் கடையாகத் தொடங்கிய மெர்க் நிறுவனத்தின் தலைமையகம் ஆகியவை இங்குள்ளன. இந்தியாவிலிருந்து மாணவர்களும் பொறியாளர்களும் இத்தகைய நகரங்களுக்கு வருகிறார்கள். 1980களில் இருந்து ஜெர்மனியில் குடியேறிய இலங்கைத் தமிழர்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரும் அந்நாட்டில் வளர்ந்துவிட்டார்கள். தையல், சமையல், மணப்பெண் அலங்காரம், நடன வகுப்பு, பாடம் சொல்லிக்கொடுத்தல், மொழிபெயர்ப்பு, மென்பொருள் எழுதுதல் போன்றவை புலம்பெயர்ந்த குடும்பங்களில் பகுதிநேரமாகத் தொடங்கும் தொழில்களாகும்.

தொழிலில் இரு வகை

ஜெர்மனியச் சட்டம் சுயதொழிலை இரண்டாகப் பிரிக்கிறது. கடை நடத்துதல், உணவு தயாரித்து விற்றல், இணையவழி வணிகம் போன்றவை 'கெவெர்ப' எனப்படும் வணிகத் தொழில்கள். ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, எழுத்து, கலை, மருத்துவம், பொறியியல் போன்றவை சுதந்திரத் தொழில்கள் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன.

வணிகத் தொழில் செய்பவர் முதலில் நகராட்சியில் பதிவு செய்யவேண்டும். நகராட்சி அந்தத் தகவலை வரி அலுவலகத்துக்கும் தொழில் வர்த்தகச் சபைக்கும் அனுப்பிவைக்கும். சுதந்திரத் தொழில் செய்பவருக்கு நகராட்சிப் பதிவு தேவையில்லை. ஆனால் இரு தரப்பினருமே தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் 'பினான்ஸ்அம்ட்' எனப்படும் வரி அலுவலகத்துக்கு, 'எல்ஸ்டர்' என்ற அரசின் மின்னணுத் தளம் மூலம் விரிவான வினாப்படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து அனுப்பவேண்டும்.

அந்தப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளில் முக்கியமானது, எதிர்பார்க்கப்படும் இலாபம் எவ்வளவு என்பதாகும். அதிகமாக எழுதினால் வருமானம் வருவதற்கு முன்னரே முன்பணமாக வரி கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். மிகக் குறைவாக எழுதினால் பின்னர் மொத்தமாகக் கட்டவேண்டியிருக்கும்.

தொழில் வர்த்தகச் சபையின் உறுப்பினராவது வணிகத் தொழில் செய்பவர்களுக்குக் கட்டாயம். எனினும் வணிகப் பதிவேட்டில் இடம்பெறாத தனிநபர்களின் ஆண்டு இலாபம் 5,200 யூரோவைத் தாண்டாவிட்டால் அவர்கள் உறுப்பினர் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. டார்ம்ஸ்டாட்டில் உள்ளவர்கள் ரைன் மைன் நெக்கார் வட்டாரச் சபையின் கீழ் வருகிறார்கள். கைவினைத் தொழில்களுக்குத் தனிச் சபை உண்டு. அவற்றில் சிலவற்றைத் தொடங்க உரிய தொழில் தகுதிச் சான்றும் தேவைப்படும்.

மூன்று வரிகள்

மிகச்சிறு தொழில் செய்பவரைத் தொடக்கூடிய வரிகள் மூன்று: வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி, நகராட்சிக்குச் செல்லும் தொழில் வரி.

வருமான வரி இலாபத்தின் மீதே விதிக்கப்படுகிறது. வரவிலிருந்து செலவைக் கழித்துக் காட்டும் எளிய கணக்கு சிறு தொழில்களுக்குப் போதுமானது. தனிநபர் ஒருவருக்கு 2025 ஆம் ஆண்டில் 12,096 யூரோ வரையிலும், 2026 ஆம் ஆண்டில் 12,348 யூரோ வரையிலும் வரிக்குரிய வருமானத்துக்கு வரி இல்லை. சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதியருக்கு இந்த வரம்பு இரட்டிப்பாகும். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 14 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக வரி உயர்கிறது.

இங்கு கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. தம்பதியரில் ஒருவர் நல்ல சம்பளத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், மற்றவர் ஈட்டும் சிறு இலாபம் அந்தச் சம்பளத்தின் மேல் அடுக்கப்பட்டே கணக்கிடப்படும். ஆகவே மனைவியின் தையல் தொழிலில் கிடைக்கும் 5,000 யூரோ தனியாகப் பார்த்தால் வரம்புக்கு உட்பட்டதாக இருந்தாலும், கூட்டுக் கணக்கில் அதற்கு வரி விழும்.

கிறிஸ்தவத் திருச்சபைகளில் பதிவு பெற்றவர்கள் வருமான வரியில் 9 சதவீதத்தைத் திருச்சபை வரியாகவும் ஹெஸ்ஸென் மாநிலத்தில் செலுத்துகிறார்கள். வருமான வரி இல்லாதவருக்கு இந்த வரியும் இல்லை.

மதிப்புக் கூட்டு வரியின் பொது விகிதம் 2007 ஆம் ஆண்டு முதல் 19 சதவீதம். சில பொருட்களுக்கு 7 சதவீதம். சிறு தொழில் செய்வோருக்கு இதிலிருந்து விலக்குப் பெறும் வழி உண்டு. 'கிளைன்உண்டர்னேமர்' விதி என்று அழைக்கப்படும் இந்தச் சலுகையின் வரம்பு 2020 ஆம் ஆண்டுக்கு முன்னர் 17,500 யூரோவாகவும், பின்னர் 22,000 யூரோவாகவும் இருந்தது. 2025 சனவரி முதல், முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 25,000 யூரோவையும், நடப்பு ஆண்டின் விற்றுமுதல் 1,00,000 யூரோவையும் தாண்டக்கூடாது என்பது விதி.

புதிதாகத் தொடங்குபவருக்கு முந்தைய ஆண்டு என்று ஒன்று இல்லாததால், தொடங்கிய ஆண்டிலேயே 25,000 யூரோ வரம்பு பொருந்தும். வரம்பைத் தாண்டச் செய்யும் விற்பனையிலிருந்தே வரி வசூலிக்கவேண்டும். அடுத்த ஆண்டு வரை காத்திருக்க முடியாது. இந்த வரம்பு இலாபத்தை அல்ல, விற்றுமுதலைக் குறிப்பது. 26,000 யூரோவுக்குச் சேலை விற்றுவிட்டு 4,000 யூரோ மட்டுமே இலாபம் கண்டவரும் வரம்பைத் தாண்டியவரே.

இச்சலுகையைப் பயன்படுத்துபவர் தமது விலைப்பட்டியலில் மதிப்புக் கூட்டு வரியைத் தனியாகக் குறிப்பிடக்கூடாது. தவறிக் குறிப்பிட்டால் அத்தொகையை அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலை ஏற்படலாம். தாம் வாங்கும் பொருட்களுக்குக் கொடுத்த வரியைத் திரும்பப் பெறவும் அவரால் முடியாது. எனவே தையல் இயந்திரங்கள், சமையலறைச் சாதனங்கள் என்று பெரும் முதலீடு செய்பவர்களுக்கு இச்சலுகையைத் துறப்பது இலாபகரமாக அமையக்கூடும். ஆனால் ஒருமுறை துறந்தால் 5 ஆண்டுகளுக்கு அந்த முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தும்.

நகராட்சியின் பங்கு

தொழில் வரி வணிகத் தொழில்களுக்கு மட்டுமே உரியது. தனிநபர் தொழில்களின் இலாபத்தில் முதல் 24,500 யூரோவுக்கு இவ்வரி கிடையாது என்பதால் மிகச்சிறு தொழில்கள் பெரும்பாலும் இதன் எல்லைக்குள் வருவதில்லை.

அதற்கு மேற்பட்ட தொகையில் 3.5 சதவீதம் அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, அது நகராட்சி நிர்ணயிக்கும் விகிதத்தால் பெருக்கப்படுகிறது. 2020களின் தொடக்கத்தில் டார்ம்ஸ்டாட்டில் இவ்விகிதம் 454 சதவீதமாகவும், பிராங்க்பர்ட்டில் 460 சதவீதமாகவும் இருந்தது. பிராங்க்பர்ட்டின் அருகிலுள்ள சிறு நகரான எஷ்போர்ன் 330 சதவீதம் மட்டுமே வசூலித்து நிறுவனங்களை ஈர்த்துவந்தது.

டார்ம்ஸ்டாட்டின் அந்த விகிதத்தில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆண்டு இலாபம் 30,000 யூரோ எனில், விலக்குப் போக எஞ்சுவது 5,500 யூரோ. அதன் அடிப்படைத் தொகை 192.50 யூரோ. நகராட்சி விகிதத்தால் பெருக்கினால் வரி சுமார் 874 யூரோ ஆகிறது. ஆனால் அடிப்படைத் தொகையின் 4 மடங்கு வரை, அதாவது 770 யூரோவை, அவர் தமது வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். இறுதியில் அவருக்கு ஏற்படும் உண்மையான கூடுதல் சுமை சுமார் 104 யூரோ மட்டுமே.

உண்மையான சுமை

ஆக, வரிகளைப் பொறுத்தவரை ஜெர்மனி சிறு தொழில் செய்வோரிடம் கடுமையாக நடந்துகொள்வதில்லை. மருத்துவக் காப்பீட்டில்தான் நிலைமை மாறுகிறது.

ஜெர்மனியில் வசிக்கும் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். வேலை பார்ப்பவருக்குக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதியை முதலாளி செலுத்துகிறார். சுயதொழில் செய்பவர் முழுவதையும் தாமே செலுத்தவேண்டும். நோய்க்கால ஊதியம் வேண்டாம் என்று விட்டவருக்கு 14 சதவீதம். அதனுடன் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் விதிக்கும் கூடுதல் கட்டணம். இக்கூடுதல் கட்டணத்துக்கு அரசு அறிவித்த சராசரி 2025 ஆம் ஆண்டில் 2.5 சதவீதம். முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு மேலும் 3.6 சதவீதம், பிள்ளை இல்லாதவர்களுக்கு 4.2 சதவீதம்.

ஒரு பிள்ளை உள்ளவருக்கு இவை மொத்தமாக 20 சதவீதத்தைச் சற்றே தாண்டுகின்றன. ஆனால் சிக்கல் விகிதத்தில் இல்லை. குறைந்தபட்ச வருமானம் என்ற கற்பிதத்தில் உள்ளது. ஒருவரின் உண்மையான வருவாய் எவ்வளவு குறைவாக இருந்தாலும், 2025 ஆம் ஆண்டில் அவர் மாதம் 1,248.33 யூரோ ஈட்டியதாகவே கருதிக் கட்டணம் கணக்கிடப்பட்டது. 2026 ஆம் ஆண்டில் இத்தொகை 1,318.33 யூரோ.

இதன் விளைவாக 2025 ஆம் ஆண்டில் மாதம் 600 யூரோ இலாபம் கண்ட ஒருவர், சராசரிக் கட்டணத்தின்படி ஏறக்குறைய 250 யூரோவைக் காப்பீட்டுக்குச் செலுத்தவேண்டியிருந்தது. அது அவரது இலாபத்தில் 40 சதவீதத்துக்கும் அதிகம். அவருக்கு வேறு வருமானம் இல்லையெனில் வருமான வரியோ பூச்சியம்.

இந்நிலை முன்னர் இன்னும் மோசமாக இருந்தது. 2018 ஆம் ஆண்டில் சுயதொழில் செய்வோருக்கான குறைந்தபட்ச வருமானம் மாதம் 2,283.75 யூரோ என்று கொள்ளப்பட்டது. அதன்படி மாதக் கட்டணம் 400 யூரோ அளவுக்குச் சென்றது. கட்ட இயலாமல் கடன்பட்டவர்கள் பெருகியதை அடுத்து, 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த அடிப்படையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது.

ஓரளவு வளர்ந்த தொழிலிலும் இதே சித்திரம்தான். 2025 ஆம் ஆண்டில் 20,000 யூரோ இலாபம் கண்ட, தனித்து வரி செலுத்தும் ஒருவருக்கு ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணம் சுமார் 4,000 யூரோ. அக்கட்டணத்தை வருமானத்தில் கழித்துக்கொண்டால் அவர் செலுத்தவேண்டிய வருமான வரி 700 யூரோவுக்கும் குறைவு.

ஒரு யூரோவில் மாறும் கணக்கு

குடும்பத்தில் கணவரோ மனைவியோ அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், குறைந்த வருமானம் உடைய மற்றவர் கட்டணமின்றி அதே காப்பீட்டில் இடம்பெறலாம். இதற்கான வருமான வரம்பு 2025 ஆம் ஆண்டில் மாதம் 535 யூரோவாக இருந்தது. 2026 ஆம் ஆண்டில் 565 யூரோ. சுயதொழில் அவரது முழுநேர முதன்மைத் தொழிலாக இருக்கக்கூடாது என்பது மற்றொரு நிபந்தனை.

வரம்புக்குள் இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. வரம்பை நிலையாகத் தாண்டினால் குறைந்தபட்ச வருமானத்தின் மீதான முழுக் கட்டணமும் ஒரே அடியாக வந்து சேர்கிறது. எனவே மாதம் 530 யூரோ ஈட்டும் ஒருவர் 600 யூரோ ஈட்டத் தொடங்கினால் அவர் கையில் மிஞ்சுவது முன்பைவிடக் குறைவு. தொழிலை வளர்த்தால் 800 அல்லது 900 யூரோவை எட்டும் வரை பயனில்லை என்பதால், வரம்புக்குள்ளேயே தொழிலை நிறுத்திக்கொள்ளும் போக்கை இவ்விதி தூண்டுகிறது. வீட்டிலிருந்தபடி சிறு தொழில் செய்யும் பெண்களை இது குறிப்பாகப் பாதிக்கிறது.

மாறாக, ஒரு நிறுவனத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே மாலையில் சிறு தொழில் செய்பவருக்கு இச்சிக்கல் இல்லை. வேலையே அவரது முதன்மைத் தொழில் என்பதால், பக்கத் தொழிலின் இலாபத்துக்கு அவர் பொதுவாகக் கூடுதல் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்துவதில்லை. அவர் செலுத்துவது வருமான வரி மட்டுமே. ஒரே வகுப்பை ஒரே கட்டணத்துக்கு நடத்தும் இருவரின் நிலை இவ்வாறு முற்றிலும் வேறுபடுகிறது.

சுயதொழிலை முதன்மையாகக் கொண்டவர்கள் வரி மதிப்பீட்டு ஆணையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பத் தவறக்கூடாது. கட்டணம் முதலில் தற்காலிகமாகவே நிர்ணயிக்கப்பட்டு, ஆணை வந்தபின் இறுதி செய்யப்படுகிறது. உரிய ஆண்டு முடிந்து 3 ஆண்டுகளுக்குள் அது அனுப்பப்படாவிட்டால் உச்சவரம்புக் கட்டணம் விதிக்கப்படும். 2025 ஆம் ஆண்டின் அளவுகளின்படி அது மாதம் 1,100 யூரோவைத் தாண்டும்.

ஆசிரியர்களும் கலைஞர்களும்

பெரும்பாலான சுயதொழில்களுக்கு ஓய்வூதியக் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் ஆசிரியர்கள், சில கைவினைஞர்கள், ஒரே ஒரு நிறுவனத்துக்காக மட்டும் தொடர்ந்து உழைப்பவர்கள் ஆகியோர் இதற்கு விலக்கு. தம்மிடம் ஊழியர் எவரும் இல்லாத சுயதொழில் ஆசிரியரின் மாத இலாபம் 2025 ஆம் ஆண்டில் 556 யூரோவையும், 2026 ஆம் ஆண்டில் 603 யூரோவையும் தாண்டினால் அவர் ஓய்வூதியக் காப்பீட்டில் சேரவேண்டும். மூன்று மாதங்களுக்குள் தாமாகவே அறிவிக்கவேண்டியது அவரது கடமை. கட்டண விகிதம் 18.6 சதவீதம்.

ஆங்கிலமோ கணிதமோ சொல்லிக்கொடுத்து மாதம் 800 யூரோ இலாபம் பெறும் ஒருவரை எண்ணிப்பார்க்கலாம். வருமானத்துக்கு ஏற்றவாறு கணக்கிடக் கோரினால் 2025 ஆம் ஆண்டில் அவரது ஓய்வூதியக் கட்டணம் சுமார் 149 யூரோ. மருத்துவக் காப்பீட்டின் 250 யூரோவைச் சேர்த்தால் வருவாயில் பாதி போய்விடுகிறது. இந்தக் கடமையை அறியாமல் பல ஆண்டுகள் கற்பித்தவரிடம் நிலுவைத் தொகை பின்னோக்கிக் கோரப்படக்கூடும்.

பரதநாட்டியம், கர்நாடக இசை ஆகியவற்றைக் கற்பிப்போருக்கு வேறொரு வழி திறக்கலாம். 1983 ஆம் ஆண்டு முதல் செயல்பட்டுவரும் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியம், கலையைப் படைப்பவர்களையும் நிகழ்த்துபவர்களையும் மட்டுமன்றிக் கற்பிப்பவர்களையும் ஏற்கிறது. ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் கலை மூலம் ஈட்டவேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு முதல் 3 ஆண்டுகள் இந்த நிபந்தனையும் இல்லை. காப்பீட்டுக் கட்டணங்களில் பாதியை மட்டுமே கலைஞர் செலுத்துகிறார். எஞ்சிய பாதியைக் கலைஞர்களின் சேவையைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் மத்திய அரசும் ஏற்கின்றன.

மேலே கூறிய 800 யூரோ இலாபத்துக்கு இந்நிதியத்தின் வழியே மருத்துவம், பராமரிப்பு, ஓய்வூதியம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 2025 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 160 யூரோவே ஆகியிருக்கும். எனினும் எல்லா நடன வகுப்புகளும் கலையாகக் கொள்ளப்படுவதில்லை. பொழுதுபோக்கு அல்லது உடற்பயிற்சி சார்ந்த வகுப்புகள் ஏற்கப்படாமல் போகலாம். கற்பித்தலின் தன்மையை ஆராய்ந்தே நிதியம் முடிவெடுக்கிறது.

பொதுநலச் சங்கங்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் பகுதிநேரமாகக் கற்பிப்போருக்குத் தனிச் சலுகை உண்டு. அத்தகைய பணிக்குக் கிடைக்கும் மதிப்பூதியத்தில் 2021 முதல் 2025 வரை ஆண்டுக்கு 3,000 யூரோவுக்கு வரி விலக்கு இருந்தது. 2026 முதல் இது 3,300 யூரோவாக உயர்ந்துள்ளது. இத்தொகைக்குச் சமூகக் காப்பீட்டுக் கட்டணமும் இல்லை.

விசாவும் அனுமதியும்

கல்வி விசாவிலோ, தகைசார் பணியாளர்களுக்கான நீல அட்டையிலோ ஜெர்மனியில் வாழ்பவர்கள் சுயதொழில் தொடங்குவதற்கு முன்னர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதியைப் பெறவேண்டும். மாணவர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் பகுதிநேர வேலை என்பது ஊதியம் பெறும் வேலையைக் குறிப்பது. சுயதொழில் அதில் அடங்காது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும் இந்தத் தடை இல்லை.

வரி அலுவலகம் வரி எண் வழங்கிவிட்டது என்பதாலேயே குடிவரவுச் சட்டப்படி அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் சுயதொழில் வரி என்ற பெயரிலேயே ஒரு வரி உள்ளது. ஆண்டு நிகர வருவாய் 400 டாலரை எட்டினால், ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாக 15.3 சதவீதம் செலுத்தவேண்டும். அது தொடக்க வரம்பு மிகக் குறைவாக உள்ள வரி. ஆனால் ஈட்டாத வருமானத்துக்கு விதிக்கப்படுவதில்லை. பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வரையிலான தொழில் வரவுக்கு வரி இல்லை. அங்கு மருத்துவச் சேவைக்குத் தனிக் காப்பீட்டுக் கட்டணமும் இல்லை. இந்தியாவில் சிறு வணிகர்கள் விற்றுமுதலில் 8 சதவீதத்தை, மின்னணு முறையில் பெற்ற தொகைக்கு 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்டி வரி செலுத்தும் எளிய முறை உள்ளது. அங்கு சுயதொழில் செய்பவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமில்லை.

ஜெர்மனிய முறையின் மறுபக்கத்தையும் குறிப்பிடவேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் செலுத்துபவருக்கும் உச்சக் கட்டணம் செலுத்துபவருக்கும் கிடைக்கும் சிகிச்சை ஒன்றே. பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றி அதில் அடங்குகிறார்கள். குறைந்தபட்ச அடிப்படையை முற்றிலும் நீக்கினால், சொற்பத் தொகை செலுத்தி முழுச் சிகிச்சை பெறுவோரின் செலவைச் சம்பளம் பெறும் தொழிலாளர்கள் சுமக்க நேரும் என்பது அதை ஆதரிப்போரின் வாதம். அவர்களுக்கு உள்ளதுபோல உண்மை வருமானத்தின் மீதே கட்டணம் விதிப்பதுதான் நியாயம் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

2025 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அமைந்த கூட்டணி அரசின் உடன்படிக்கை, வேறு கட்டாய ஓய்வூதியத் திட்டத்தில் இல்லாத புதிய சுயதொழிலர்கள் அனைவரையும் அரசு ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்க்கும் எண்ணத்தை வெளியிட்டது. அது சட்டமானால் முதுமையில் வறுமைக்கு ஆளாகும் சுயதொழிலர்களின் எண்ணிக்கை குறையலாம். ஆனால் தொழில் தொடங்கும் காலத்தின் சுமை மேலும் கூடும்.

எவ்வாறாயினும், மிகச்சிறு தொழில் ஒன்றைத் தொடங்கும் ஒருவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எவ்வளவு வரி என்பதல்ல. தாம் எந்த மருத்துவக் காப்பீட்டில், யார் பெயரில் இருக்கிறோம், தொழில் தொடங்கியபின் அது எவ்வாறு மாறும் என்பதே அக்கேள்வி. அதற்கான விடையைத் தொழில் தொடங்கும் முன்னரே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது, பின்னாளில் வரக்கூடிய பல ஆயிரம் யூரோ நிலுவையைத் தவிர்க்க உதவும்.